புதுக்கோட்டையின் மோலி: ஒரு பட்ட மறுப்பின் வரலாறு

1915 ஆகஸ்ட் 10 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், திருமணப் பதிவாளர் முன்னிலையில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். வயது 39, அதுவரை மணம் செய்துகொள்ளாதவர். மணப்பெண் எஸ்மி மேரி சாரட் ஃபிங்க். வீட்டில் கூப்பிட்ட பெயர் மோலி. இருபது முடிந்து இருபத்தொன்றைத் தொட இன்னும் ஒரு மாதம் இருந்தது. தந்தை வுல்ஃப் ஃபிங்க் வழக்கறிஞர். தந்தையின் உடன்பிறந்தவரான தியடோர் ஃபிங்க், மெல்பர்னின் ஹெரால்டு பத்திரிகை நிறுவனத்தில் செல்வாக்கு மிகுந்தவர். அரச குலத்தில் பிறந்த பெண் அல்லர் மோலி. ஐரோப்பிய வழிவந்த, நகரத்து மேல்தட்டுக் குடும்பத்தின் பெண். ஆனால் ஒரு தமிழ் அரசனைச் சட்டப்படி மணந்த வெள்ளைக்காரப் பெண் என்ற வகையில், இந்த மண்ணின் வரலாற்றில் அவருக்கு ஒரு தனி இடம் உண்டு. அந்த இடத்தை அவருக்குத் தராமல் இருப்பதற்காக இலண்டனும் தில்லியும் சென்னையும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

மோலியின் கதை இரண்டு விதமாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. காதலுக்காக அரியணையைத் துறந்த மன்னன் என்பது ஒன்று. வெள்ளைக்காரி மோகத்தில் நாட்டைக் கைவிட்ட மன்னன் என்பது மற்றொன்று. இரண்டிலும் கதாநாயகன் ராஜாதான். மோலி அழகாக வந்து நிற்கிறார், அவ்வளவே. இரண்டு கதைகளுமே நடந்த விஷயத்தின் மையத்தைத் தொடவில்லை என்பது என் முடிவு. ஒரு தமிழ் சமஸ்தானத்தின் ராணி யார், இளவரசன் யார் என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே இங்குள்ள கேள்வி. அந்த உரிமை புதுக்கோட்டை அரண்மனையில் இல்லை. புதுக்கோட்டை மக்களிடமும் இல்லை.

புதுக்கோட்டை பெரிய சமஸ்தானம் இல்லை. ஏறத்தாழ 1,200 சதுர மைல் பரப்பு. சுற்றிலும் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாவட்டங்கள். ஆனால் விசுவாசத்தில் அதற்கு நிகர் குறைவு. கர்நாடகப் போர்களில் தொண்டைமான்கள் கம்பெனிக்குத் துணை நின்றார்கள். 1799இல் கட்டபொம்மன் புதுக்கோட்டை எல்லைக்குள் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டார் என்பதைத் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இந்த விசுவாசத்துக்குக் கைம்மாறாகத்தான் தமிழகத்தில் மற்ற பாளையங்கள் ஜமீன்களாகச் சுருங்கியபோது புதுக்கோட்டை மட்டும் அரசாகவே தொடர்ந்தது. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் தாசர்கள் என்று பட்டம் சூடி, அம்மன் காசு என்ற சொந்த நாணயமும் வைத்திருந்தார்கள்.

மார்த்தாண்ட பைரவர் பிறந்தது 1875இல். மன்னர் ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன். ஆண் வாரிசு இல்லாத பாட்டனார் 1877இல் அவரைத் தத்தெடுத்தார். 1862இல் கானிங் பிரபு வழங்கிய சன்னது, இந்திய மன்னர்கள் தத்தெடுக்கலாம், அரசு அதை ஏற்கும் என்று உறுதி கூறியிருந்தது. எனவே தத்து செல்லுபடியானது. 1886இல் பாட்டனார் மறைந்தபோது பதினொரு வயதுகூட நிரம்பாத பையன் மன்னரானார். நிர்வாகம் திவான் சேஷையா சாஸ்திரியின் கையில் இருந்தது. நகரின் தெருக்களும் குளங்களும் செப்பம் பெற்றது அந்தக் காலத்தில்தான். பையனின் கல்வி கிராஸ்லி என்ற ஆங்கில ஆசிரியரின் பொறுப்பு. 1894இல் முழு அதிகாரம் கைக்கு வந்தபோது மன்னர் ஆங்கிலக் கனவான்களைப் போலவே பேசினார், உடுத்தினார், குதிரைப் பந்தயத்தில் ஈடுபட்டார். நான்கு ஆண்டுகளில் ஐரோப்பா போய்வந்துவிட்டார். இப்படி வளர்த்தது யார்? எங்களைப் போல இரு என்று சிறுவயதிலிருந்து கற்பித்தவர்கள், அவர் தங்களில் ஒருத்தியை மணந்தபோது அதிர்ச்சி அடைந்தார்கள்.

இந்த அதிர்ச்சிக்கு முன்கதை உண்டு. 1893இல் பாட்டியாலா மகாராஜா ராஜிந்தர் சிங், தம் குதிரை லாயத்தில் பணிசெய்தவரின் வீட்டுப் பெண்ணான ஃப்ளோரன்ஸ் பிரையனை மணந்தார். 1900இல் ஜீந்த் மகாராஜா ஓர் ஐரோப்பியப் பெண்ணை மணந்தார். அப்போது வைஸ்ராயாக இருந்த கர்சன் கொதித்துப்போனார். மன்னர்கள் அனுமதியின்றி அயல்நாடு போகக் கூடாது என்று அதே 1900இல் அவர் பிறப்பித்த உத்தரவுக்கு நிர்வாகக் காரணங்கள் சொல்லப்பட்டன. உள்ளே இந்தக் கவலையும் இருந்தது. வெள்ளை இனத்தின் மேன்மை என்ற நம்பிக்கையின்மீது நின்ற ஆட்சி அது. ஆங்கிலேய ஆண் இந்தியப் பெண்ணைச் சேர்த்துக்கொள்வது அந்த நம்பிக்கையைக் குலைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்த விஷயம். இந்திய ஆண் வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கணவன் ஆவதும், அவள் மகன் அரியணையில் அமர்வதும், ஆங்கிலேய அதிகாரி அவனுக்குத் தலைவணங்க நேர்வதும் வேறு. இதைத்தான் அவர்களால் ஏற்க முடியவில்லை.

1915க்கு வருவோம். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. வழக்கமான ஐரோப்பியப் பயணம் இயலாததால் மன்னர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். சிட்னியில் மோலியைச் சந்தித்தார். அந்த நாடு 1901இலேயே வெள்ளையர் அல்லாதோர் குடியேறுவதைத் தடுக்கச் சட்டம் போட்ட நாடு. அங்கே பத்திரிகைகள் இந்தத் திருமணத்தை விட்டுவைக்குமா? மோலி பின்வாங்கவில்லை. அந்த வயதில், அந்தச் சமூகத்தில், அது எளிய துணிவு இல்லை.

தம்பதி 1915இன் கடைசி மாதங்களில் புதுக்கோட்டை வந்து சேர்ந்தார்கள். ஊர் மக்கள் வரவேற்றார்கள். வரவேற்காதது அரசாங்கம். சென்னையில் அப்போது ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு. தில்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச். மோலிக்கு 'ஹெர் ஹைனஸ்' என்ற அடைமொழி கிடையாது, மகாராணி என்று அரசு அவரை ஏற்காது என்பது தெளிவாகச் சொல்லப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே இதில் உறுதியாக இருந்தார். இது வெறும் மரியாதைச் சொல் தகராறு என்று இன்று தோன்றலாம். சமஸ்தான உலகில் மரியாதை என்பது சட்டம். யாருக்கு எத்தனை குண்டு முழக்கம், எந்த ஆளுநர் எத்தனை படி இறங்கி வரவேற்பார் என்பதையெல்லாம் விதியாக எழுதி வைத்திருந்தார்கள். மனைவிக்குப் பட்டம் இல்லை என்றால் அவள் அரசி இல்லை. அவள் அரசி இல்லை என்றால் அவள் பிள்ளை வாரிசு இல்லை. அடுத்த தலைமுறையின் அரியணை அந்த ஒரு மறுப்பில் அடங்கியிருந்தது.

அரண்மனைக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. மன்னரின் அண்ணன் ரகுநாத பல்லவராயர் 1909 முதல் திவான். உறவினர்களுக்கு வாரிசுரிமை பற்றிய கணக்குகள் இருந்திருக்கும். சாதி ஆசாரம் பற்றிய மனக்குறையும் இருந்திருக்கும். இதற்கிடையே கர்ப்பமாக இருந்த மோலி கடுமையாக நோயுற்றார். அரளி கொடுக்கப்பட்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுற்றார்கள். அரளியின் இலை, பூ, வேர், விதை எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பையே தாக்கக்கூடியது. தமிழ்நாட்டில் கோயில் நந்தவனம்தோறும் இருக்கும் செடி. யார் கொடுத்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அதைச் செய்தவர் இன்னார் என்று இன்று கைகாட்டுவது வரலாறு ஆகாது. புதுக்கோட்டையைக் கொலைகார அரண்மனையாகச் சித்திரிக்கும் ஐரோப்பிய எழுத்துகளை நான் நம்புவதும் இல்லை. 1916 ஏப்ரலில் தம்பதி நாட்டை விட்டுக் கிளம்பினார்கள் என்பது மட்டும் உறுதி. மோலி தமிழ் மண்ணில் வாழ்ந்தது அரை ஆண்டுக்கும் குறைவு. அதன்பின் அவர் அங்கே ராணியாக வாழ்வதற்குத் திரும்பவேயில்லை.

1916 ஜூலை 22 அன்று சிட்னியில் மகன் பிறந்தான். பிறந்த ஊரின் பெயரையும் சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டார்கள். பாட்டனாரின் தத்துப் பிள்ளையை ஏற்ற அதே அரசு, மன்னரின் சொந்த ரத்தத்தில், சட்டப்படியான மணத்தில் பிறந்த மகனை ஏற்க மறுத்தது. வாரிசு இல்லாத மன்னருக்கு வாரிசை உருவாக்கிக் கொள்ள உரிமை உண்டு. வாரிசு உள்ள மன்னருக்கு அந்த வாரிசை வைத்துக்கொள்ள உரிமை இல்லை! இந்த முரண்பாட்டை ராஜா திரும்பத் திரும்ப மனுக்களில் சுட்டிக்காட்டியும் பயனில்லை.

ஐரோப்பாவில் இதைப் போன்ற ஒன்று உண்டே என்று கேட்கலாம். ஆஸ்திரிய இளவரசர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் 1900இல் சோஃபி சோடெக்கை மணந்தபோது, அவள் அரச குலம் இல்லை என்பதால் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகே சம்மதம் கிடைத்தது. அரசவைச் சடங்குகளில் சோஃபி கணவருக்கு அருகே நடக்க முடியாமல் அவமானப்பட்டார். 1914இல் சரயேவோவில் இருவரும் சேர்ந்து சுடப்பட்டார்கள். ஆனால் அந்தத் தடை அந்த வம்சம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. புதுக்கோட்டையில் தடையைப் போட்டது அந்த வம்சமும் இல்லை, அந்த நாடும் இல்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த இன்னொரு வம்சம்.

வேறு சமஸ்தானங்களையும் பார்க்க வேண்டும். ஸ்பெயினின் மாலகாவில் பிறந்த நடனக்காரி அனிதா டெல்காடோவை கபூர்தலா மகாராஜா ஜகத்ஜித் சிங் 1908இல் மணந்தார். ஆங்கிலேய அரசு அவரையும் மகாராணியாக ஏற்கவில்லை. ஆனால் ஜகத்ஜித் சிங்குக்கு வேறு மனைவியரும் வளர்ந்த மகன்களும் இருந்தார்கள். வாரிசுச் சிக்கல் எழவில்லை. 1928இல் அமெரிக்கப் பெண் நான்சி மில்லர், சங்கராச்சாரியார் ஒருவர் முன்னிலையில் இந்துவாக மாறி சர்மிஷ்டா தேவி என்று பெயர் சூடி இந்தூரின் துக்கோஜி ராவ் ஹோல்கரை மணந்தார். துக்கோஜி ராவ் இரண்டாண்டுகளுக்கு முன்பே பட்டம் துறந்துவிட்டவர்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஐதராபாத்தின் எடுத்துக்காட்டு. 1931 நவம்பரில், நாட்டை விட்ட மோலி கடைசியில் குடியேறிய பிரான்சின் கான் நகருக்கு அருகே, நீஸில், கடைசி கலீபாவான இரண்டாம் அப்துல் மஜீதின் மகள் துர்ருஷேவரை நிஜாமின் மூத்த மகன் ஆசம் ஜா மணந்தார். துர்ருஷேவர் இஸ்தான்புல்லில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். மொழி, உடை, நடை எல்லாவற்றிலும் மோலிக்கு நிகரான அயல்நாட்டவர். அவருடைய குலம் முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு எதிராகப் போரிட்ட குலம். அவர் 1936க்குப் பின் பேரார் இளவரசி என்று 'ஹெர் ஹைனஸ்' அடைமொழியோடு அழைக்கப்பட்டார். எதிரி நாட்டு இளவரசிக்குக் கிடைத்த சொல், பிரிட்டிஷ் குடிமகளான மோலிக்குக் கிடைக்கவில்லை. அயல்நாட்டுப் பெண் என்பது தடை இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. மோலியின் தோல் நிறம்தான் தடை.

நாட்டுக்குத் திரும்பினால் மனைவி அவமதிக்கப்படுவாள், திரும்பாவிட்டால் ஆட்சி நடக்காது. இந்த இக்கட்டில் மார்த்தாண்ட பைரவர் சில ஆண்டுகள் தவித்தார். ஆஸ்திரேலியாவில் பந்தயக் குதிரைகள் வளர்த்தார்; பின்னர் குடும்பத்தோடு இலண்டன் போனார். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பணம் பெற்றுக்கொண்டு ஆட்சிப் பொறுப்பிலிருந்து அவர் ஒதுங்கினார். மன்னர் என்ற பெயர் மட்டும் அவரிடம் இருந்தது. 1922 முதல் அண்ணன் ரகுநாத பல்லவராயர் ரீஜன்டாக நாட்டை நடத்தினார். தம்பதி பிரான்சின் தென்கரையில் கான் நகரில் குடியேறினார்கள். இலண்டனிலும் பாரிஸிலும் மோலி நாகரிக உலகின் பேசப்படும் முகமானார். செசில் பீட்டன் அவரைப் படமெடுத்தார். பத்திரிகைகள் 'புதுக்கோட்டை மகாராணி' என்றே அச்சிட்டன. அரசாணை தராத பட்டத்தைச் செய்தித்தாள்கள் தந்தன.

ராஜாவையும் நாம் விட்டுவிட முடியாது. 1902இல் பிரதிநிதி சபை, 1910இல் அருங்காட்சியகம் என்று தொடங்கியது அவருடைய ஆட்சிக் காலத்தில்தான். அப்படிப்பட்டவர் பன்னிரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தார். அந்த வாழ்க்கைக்கான பணம் வறண்ட கண்மாய்களின் கீழ் உழுத குடியானவர்களின் வரியிலிருந்து போனது. மனைவிக்காகப் போராடியவர் என்ற மதிப்பை அவருக்குத் தருகிறேன். ஆனால் மன்னனாக அவர் தம் மக்களுக்குக் கடன்பட்டவர். அந்தக் கடனை அவர் தீர்க்கவில்லை. மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்கே திரும்பி, மக்கள் முன்னால் நின்று, இவள்தான் உங்கள் ராணி என்று சொல்லியிருந்தால் அரசாங்கம் என்ன செய்திருக்கும்? பதவியைப் பறித்திருக்கும் என்பதே என் எண்ணம். ஆனாலும் அது மக்கள் கண்முன் நடந்திருக்கும்.

1928 மே 28 அன்று மார்த்தாண்ட பைரவர் பாரிஸில் காலமானார். வயது 52. உடல் இலண்டனில் கோல்டர்ஸ் கிரீன் சுடலையில் தகனம் செய்யப்பட்டது. அவருடைய மகனுக்கு அப்போது பதினொரு வயது. அந்தப் பையனை விட்டுவிட்டு, அரச குடும்பத்துக் கிளையிலிருந்து ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைத் தேர்ந்தெடுத்து 1928 நவம்பரில் முடிசூட்டினார்கள். மீண்டும் ஒரு சிறுவன் மன்னன். மீண்டும் அதிகாரிகளின் நிர்வாகம். பிற்பாடு டாட்டன்ஹாம் என்ற ஆங்கில அதிகாரி நிர்வாகியாக வந்தார். 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. ராஜகோபாலத் தொண்டைமான் வாழ்ந்த அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அவர் கடைசிவரை மணம் செய்துகொள்ளாமல் 1997இல் மறைந்தார்.

33 வயதில் கணவரை இழந்த மோலி அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1967 நவம்பர் 20 அன்று கானில் இறந்தார். மகன் சிட்னி 1984இல் ஃப்ளாரன்ஸில் மறைந்தார். எந்த நாட்டுக்கும் முழுதாக உரியவராக இல்லாத வாழ்க்கை அவருடையது. தாய்க்கு மறுக்கப்பட்ட ஒரு சொல்லின் விலையை அதிகம் கொடுத்தது அவர்தான்.

இதையெல்லாம் ஆரணியிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற, 2008இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த ஊருக்கு ஒரு ஜாகீர் வரலாறும் இருக்கிறது. சிவாஜியின் தந்தை ஷாஜியின் அதிகாரியாக இருந்த வேதாஜி பாஸ்கர் பந்தின் வழியினர், பதினேழாம் நூற்றாண்டு முதல் ஆரணியை ஆண்ட மராத்தியர்கள். சத்தியவிஜயநகரத்தில் அவர்களுடைய அரண்மனை நிற்கிறது. பக்கத்தில் பூசிமலைக்குப்பத்தில், காட்டோரம், ஐரோப்பிய பாணியில் கட்டிய மாளிகை ஒன்று சிதைந்து கிடக்கிறது. ஜாகீர்தார் ஒருவர் தம் வெள்ளைக்கார மனைவிக்காகக் கட்டியது என்று தறிக்காரர் வீட்டுத் திண்ணையிலும் டீக்கடையிலும் கதை வழங்குகிறது. கேட்பவர்கள் மாளிகையைத்தான் கேட்கிறார்கள். கண்ணாடியும் படிக்கட்டும் எத்தனை என்கிறார்கள். அந்தப் பெண் யார், எந்த ஊர், அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், அவள் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர் குறைவு. மோலியின் வாழ்க்கை நமக்குக் கற்றுத்தருவது இந்தக் கேள்விகளைத்தான். கட்டடக் கதையாக விட்டுவிட்டால் இப்படிப்பட்ட பெண்கள் பேய்க்கதைக்கும் சினிமாப் படப்பிடிப்புக்கும்தான் மிஞ்சுவார்கள்.

மோலியைப் பற்றி எட்வர்ட் ட்யூக்கரும் கொராலி யங்கரும் 1991இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்கள். ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து செய்த நல்ல உழைப்பு அது. அதே கதையைத் தமிழ்ப் பக்கத்திலிருந்து, புதுக்கோட்டை தர்பார் ஆவணங்களையும் சென்னை ஆவணக் காப்பகத்துக் கோப்புகளையும் கொண்டு எழுத வேண்டியது நம் ஆய்வாளர்களின் வேலை. ஜாகீர், ஜமீன், சமஸ்தானக் குடும்பங்களோடு உறவோ வேலைத் தொடர்போ இருந்தவர்கள் ஆரணியிலும் சுற்று ஊர்களிலும் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதம், கணக்குப் புத்தகம், புகைப்படம் எது இருந்தாலும் கரையானுக்கு விடாதீர்கள். அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிடமோ ஆவணக் காப்பகத்திடமோ கொண்டுபோய்ச் சேருங்கள்; படத்தின் பின்னால், தெரிந்த பெயர்களை எழுதிக் கொடுங்கள். பெண்களின் பெயர்களை முதலில் எழுதுங்கள்.